விரிவான எஸ்டிமேட்டுக்குக் காசு கேட்கிறார் கான்ட்ராக்டர் – கொடுக்கலாமா?

மாடிவீடு88:
வணக்கம். சென்னையில், கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் தனி வீடு. 1988இல் கட்டியது. தரைத்தளம் மட்டும், 1,200 சதுர அடி, மேலே மொட்டை மாடி. மாடி ஒழுகுகிறது. ஹாலிலும் ஒரு படுக்கையறையிலும் சீலிங் பெயர்ந்து கம்பி தெரிகிறது. இரண்டு பாத்ரூமையும் புதுப்பிக்கணும், வயரிங்கை முழுக்க மாற்றணும், கடைசியில் பெயிண்ட்.

மூன்று கான்ட்ராக்டர்களிடம் கேட்டாயிற்று. இருவர் அரை மணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு மறுநாளே வாட்ஸ்அப்பில் ஒரு பக்கம் அனுப்பிவிட்டார்கள். ஒருவர் 11 லட்சம், ஜி.எஸ்.டி. தனி. இன்னொருவர் 14.5 லட்சம், வரி உட்பட. மூன்றாமவர் மட்டும் மூன்று நாள் வேலை இருக்கிறது, மாடியில் இரண்டு இடத்தில் தோண்டிப் பார்க்கணும், எஸ்டிமேட்டுக்கு மட்டும் 18,000 ரூபாய், வேலையை அவரிடமே கொடுத்தால் பில்லில் கழித்துக்கொள்வேன் என்கிறார். எஸ்டிமேட் என்றால் இலவசம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். இது நியாயமான கேள்வியா, இல்லை இங்கே வேறு ஏதாவது இருக்கிறதா?

அளவுநாடா:
முதலில் அந்த இரண்டு தொகையையும் ஒரே தளத்தில் வையுங்கள். வீடு பராமரிப்பை பொருளும் கூலியும் சேர்த்து எடுத்தால் 18% ஜி.எஸ்.டி. 11 லட்சத்தோடு அதைச் சேர்த்தால் 12.98 லட்சம். மூன்றரை லட்ச வித்தியாசம் என்று தெரிந்தது ஒன்றரை லட்சமாகிவிட்டது. இதைக்கூட அந்த ஒரு பக்கம் தெளிவாகச் சொல்லவில்லை, இல்லையா?

விரிவான எஸ்டிமேட்டுக்கு ஆகும் நேரத்தைப் பாருங்கள். 1,200 சதுர அடி பழைய வீட்டை அறை அறையாக அளக்க இரண்டு பேருக்கு ஒரு முழு நாள். சீலிங் முழுக்கச் சுத்தியலால் தட்டிப் பார்த்துக் குறிக்க அரை நாள். தோண்டி மூட அரை நாள், அதற்குக் கொத்தனார் ஒருவர், சித்தாள் ஒருவர். பிறகு உட்கார்ந்து அளவு எடுத்து எழுத ஒரு நாள், கடைகளில் விலை கேட்டு ரேட் போட இன்னொரு நாள். முப்பது மணி நேரத்துக்குக் குறையாது. ஐந்து வீட்டுக்கு இப்படிப் போட்டு ஒரு வீடு கிடைத்தால் மற்ற நான்கின் செலவு எங்கே போகும்? கிடைத்த அந்த ஒரு வீட்டுக்காரர் பில்லில்தான். அது பிடிக்காதவர் அரை மணி நேரம் பார்த்துவிட்டுச் சதுர அடிக்கு இவ்வளவு என்று போட்டு அனுப்புவார். உங்களுக்கு வந்த இரண்டும் அந்த ரகம். அதை எஸ்டிமேட் என்று சொல்ல என்னால் முடியாது, அது ஒரு ஊகத் தொகை.

அந்த இரண்டு பக்கங்களில் இருக்கும் வரிகளை அப்படியே இங்கே போட முடியுமா? பெயர், போன் நம்பர் வேண்டாம்.

மாடிவீடு88:
11 லட்சக்காரருடையது: "மொட்டை மாடி வாட்டர்ப்ரூஃப் 1,200 ச.அ. – 1,80,000. சீலிங் ரிப்பேர் – 60,000. பாத்ரூம் 2 எண்ணம் – 2,80,000. எலெக்ட்ரிக்கல் ஃபுல் – 2,40,000. பெயிண்டிங் ஃபுல் – 2,10,000. இதர வேலைகள் – 1,30,000." இவ்வளவுதான். இன்னொன்றும் இதே மாதிரிதான், தொகைதான் வேறு.

அளவுநாடா:
நன்றி. பாத்ரூம் வரியை மட்டும் எடுத்துப் பார்ப்போம். ஒரு பாத்ரூம் 1,40,000. உங்களுடையது 5க்கு 8 அடி என்று வைத்துக்கொள்கிறேன், அந்தக் காலத்து வீடுகளில் அதுதான் வழக்கம்.

நான்கு சுவர் சுற்றளவு 26 அடி. 7 அடி உயரத்துக்கு டைல்ஸ் என்றால் 182 சதுர அடி. இரண்டரைக்கு ஏழு அடி கதவைக் கழித்தால் 164.5. வென்டிலேட்டர் சின்னது, கழிப்பதில்லை. வெட்டுச் சேதம் 7% சேர்த்தால் 176 சதுர அடி. 300க்கு 600 மி.மீ. டைல் ஒன்று 1.94 சதுர அடி. பெட்டிக்கு 5 டைல் என்றால் 9.7. ஆக 19 பெட்டி, பின்னாளில் ஒன்று உடைந்தால் மாற்ற ஒரு பெட்டி கூடுதல். இந்தக் கூடுதல் பெட்டியை வாங்காமல் விடாதீர்கள். அடுத்த வருஷம் அதே டைல் கேட்டால் வேறு பேட்ச் வரும், நிறம் ஒரு நூல் மாறியிருக்கும். தரை தனி, 40 சதுர அடி, வழுக்காத ரகம்.

இவ்வளவும் டைல்ஸ் மட்டும்தான். இனி அந்த வரி சொல்லாமல் விட்டவை. பழைய டைல்ஸை எடுப்பதா, அதன் மேலேயே ஒட்டுவதா? மேலேயே ஒட்டினால் தரை அரை அங்குலத்துக்கு மேல் உயரும், கதவின் அடியை வெட்டணும், தண்ணீர் வடியும் தரை ஓட்டை (டிராப்) பள்ளத்தில் நிற்கும். எடுப்பது என்றால் அடியில் இருக்கும் பூச்சும் பாதி பெயர்ந்து வரும், அதைச் செங்கல் வரை கொத்தி மறுபடி பூசணும். தரைக்குக் கீழே சங்கன் ஸ்லாப், அதாவது பைப் ஓடுவதற்காகத் தாழ்த்திப் போட்ட ஸ்லாப், இருக்கிறதா? ஓரடிப் பள்ளம் என்றால் 40 கன அடி பழைய நிரப்பலை அள்ளி வெளியே போடணும், ஸ்லாப்பைச் சுத்தம் செய்து வாட்டர்ப்ரூஃப் கோட் அடித்து, சுவரில் ஓரடி மேலே ஏற்றி, 48 மணி நேரம் தண்ணீர் கட்டி நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி நிரப்பணும். பழைய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பைச் சுவருக்குள் எந்த இடம் வரை மாற்றுவது? மாடித் தொட்டியிலிருந்து வரும் மெயினும் சேர்த்தா? இந்த ஒவ்வொரு கேள்விக்கும் ஆயிரக்கணக்கில் விலை உண்டு. 1,40,000க்குள் இவற்றில் எது இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, அனுப்பியவருக்கும் தெரியாது. வேலை பாதியில் நிற்கும்போது, சுவர் உடைந்து கிடக்கும்போது, அது பேச்சுக்கு வரும். அப்போது பேரம் பேசும் இடத்தில் நீங்கள் இருக்க மாட்டீர்கள்.

கணக்கன்:
அளவுநாடா சொல்வது எல்லாம் சரி. ஆனால் அந்த 18,000-ஐக் கான்ட்ராக்டர் கையில் ஏன் கொடுக்கணும்? அளவு எடுப்பவரே வேலையும் செய்பவர் என்றால், தன்னிடம் ஆள் இருக்கிற வேலையை எழுதுவார், இல்லாததை விடுவார். தோண்டிப் பார்த்து "மொத்தமும் எடுக்கணும்" என்று அவர் சொன்னால் மறுத்துச் சொல்ல யார் இருக்கிறார்கள்? அதே பணத்துக்கு ஒரு சிவில் இன்ஜினியரைத் தனியாக அமர்த்தி, அளவுப் பட்டியலை ரேட் பத்தி காலியாக வாங்கிக்கொண்டு, மூன்று கான்ட்ராக்டர்களிடமும் அதையே கொடுத்து ரேட் நிரப்பச் சொல்லலாம். மூவரும் ஒரே அளவுக்கு விலை சொல்வார்கள், ஒப்பிடலாம். இப்போது அவரவர் பட்டியலை அவரவர் போட்டால் எதை எதோடு ஒப்பிடுவது?

ஓதச்சுவர்:
கணக்கன் சார், உங்கள் வழி நல்லது. அதற்கு இன்ஜினியர் பழைய கட்டட வேலையில் கை வைத்தவராக இருக்கணும். புது வீடு கட்டுவதற்கு எஸ்டிமேட் போடுபவருக்குப் பிளான் இருக்கிறது, அளவு அதிலிருந்து வரும். பழைய வீட்டில் அளவு சுவருக்குள்ளே இருக்கிறது. அதனால் பணம் யாருக்குக் கொடுத்தாலும், எதற்குக் கொடுக்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். உடைத்துப் பார்க்கிற வேலைக்குக் கொடுக்கணும். வெறும் டைப் அடித்த காகிதத்துக்கு வேண்டாம்.

இந்த வீட்டில் முக்கியமான விஷயம் சீலிங். கம்பி வெளியே தெரிகிறது, கடல் பக்கம், முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆன ஸ்லாப். "சீலிங் ரிப்பேர் 60,000" என்று எத்தனை சதுர அடிக்குப் போட்டார் என்று கேளுங்கள். பெயர்ந்து விழுந்த இடத்தை மட்டும் பார்த்திருப்பார். விழாத இடத்தில்தான் ஆபத்து. சின்னச் சுத்தியலால் சீலிங் முழுக்க ஓரடிக்கு ஓரடி தட்டிக்கொண்டே போகணும். நல்ல கான்கிரீட் 'டக்' என்று கெட்டியாகச் சொல்லும். உள்ளே கம்பி துரு ஏறி ஊதிப் பிரிந்த இடம் பானையைத் தட்டினாற்போல் பொள்ளலாகக் கேட்கும். அந்த இடங்களைச் சாக்பீஸால் சுற்றிக் கோடு போட்டு, போட்டோ எடுத்து, சதுர அடி கணக்கிடணும். வெளியே தெரிவது 40 சதுர அடி என்றால் தட்டிப் பார்த்தபின் 150 ஆவது சாதாரணம்.

அடுத்து கம்பி. ஸ்லாப்பில் 8 மி.மீ. கம்பி போட்டிருப்பார்கள். துருவைச் சுரண்டிவிட்டு வெர்னியர் என்னும் நுண்ணளவுக் கருவியால் அளந்தால் 7 மி.மீ. வருகிறது என்று வையுங்கள். ஒரு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். பரப்பளவு விட்டத்தின் வர்க்கத்தில் போகும்: 49ஐ 64ஆல் வகுத்தால் 0.77. கம்பியின் பலத்தில் கிட்டத்தட்ட கால் பங்கு போய்விட்டது. இந்த நிலைக்கு வந்தால் மேலே பூசி மறைக்கக் கூடாது, பக்கத்தில் புதுக் கம்பி சேர்த்துக் கட்டணும். அதற்கு வேறு ரேட், கீழே முட்டு கொடுக்கணும், அறையைக் காலி செய்யணும். இது அளந்து பார்க்காமல் எந்த எஸ்டிமேட்டிலும் வராது.

இன்னொரு சோதனை, செலவு அதிகம் இல்லாதது. உடைத்த கான்கிரீட்டின் புது முகத்தில் ஃபினால்ஃப்தலீன் கரைசலைத் தெளிக்கணும். காரத்தன்மை இருக்கும் இடம் இளஞ்சிவப்பாகும். நிறம் மாறாத ஆழம் வரை காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடு உள்ளே போய்க் காரத்தைத் தின்றுவிட்டது என்று அர்த்தம். அந்த எல்லை கம்பியைத் தாண்டியிருந்தால், இன்றைக்குத் தட்டினால் கெட்டியாகக் கேட்கும் இடமும் நாளை துரு ஏறும். ஆனால் கடல் பக்கம் உப்பும் சேர்ந்து வேலை செய்யும், இளஞ்சிவப்பாக இருக்கிற கான்கிரீட்டிலும் உப்பு போய்க் கம்பியை அரிக்கும். அதனால் அங்கே கான்கிரீட் தூளை லேபில் கொடுத்து குளோரைடு (உப்பு) அளவும் பார்க்கணும். அந்த மூன்றாமவர் 18,000-க்குள் இதைச் சேர்த்திருக்கிறாரா என்று கேளுங்கள். சேர்க்கவில்லை என்றால் சேர்க்கச் சொல்லுங்கள், லேப் செலவு தனியாக ஆகட்டும்.

மாடிவீடு88:
சீலிங்கைப் பற்றி இவ்வளவு யோசிக்கவே இல்லை. மாடியில் ஏன் தோண்டணும் என்றும் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும். மேலே கெமிக்கல் அடித்தால் போதும் என்றுதான் இருவரும் சொன்னார்கள்.

கொத்துக்கரண்டி:
நான் வேலை எடுத்துச் செய்பவன், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

உங்கள் மாடியில் ஸ்லாப்புக்கு மேல் செங்கல் ஜல்லி சுண்ணாம்பு, அதாவது சுர்க்கி, மூன்று நான்கு அங்குலம் இருக்கும், அதன் மேல் தட்டோடு, அதாவது தட்டையான சுட்ட ஓடு. ஒழுகும் மாடியில் இந்தச் சுர்க்கி ஸ்பாஞ்ச் மாதிரி தண்ணீரைக் குடித்துக்கொண்டு கிடக்கும். மழை விட்டு பத்து நாள் ஆனாலும் சீலிங்கில் ஈரம் காயாது. அதன் மேல் கெமிக்கல் அடித்தால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி மேலே வரும்போது கோட்டைக் கொப்புளமாகத் தூக்கும். ஒரு கோடை தாங்காது. ஓரடிக்கு ஓரடி இரண்டு இடத்தில் ஸ்லாப் வரை தோண்டினால்தான் சுர்க்கி எத்தனை அங்குலம், காய்ந்திருக்கிறதா ஈரமா, முன்பே யாராவது ஒரு அடுக்கு மேல் இன்னொரு அடுக்கு போட்டிருக்கிறார்களா என்று தெரியும். ஒரு குழி ஒழுகும் இடத்துக்கு மேலே, இன்னொன்று தண்ணீர் வடியும் வாய்க்குப் பக்கத்தில். வடிகால் பக்கம்தான் வாட்டம் சரியில்லாமல் தண்ணீர் தேங்கியிருக்கும்.

எடுக்க வேண்டியதுதான் என்று முடிவானால் கணக்கைப் பாருங்கள். 1,200 சதுர அடி, தட்டோடு உட்பட நான்கு அங்குலம்: 400 கன அடி. எடை சுமார் 21 டன். உடைத்தால் பொங்கி 560 கன அடிக்கு வரும், யூனிட்டுக்கு 100 கன அடி என்றால் ஐந்தரை யூனிட்டுக்கு மேல். முப்பது கிலோ மூட்டையாகக் கட்டினால் 700 மூட்டை, மாடிப்படி வழியாக ஆள் சுமந்து இறக்கணும். தெருவில் கொட்டி வைக்க முடியாது. மாநகராட்சி சொன்னபடி ஏற்பாடு செய்து பெருங்குடி, கொடுங்கையூர் போன்ற இடிபாடு கையாளும் இடங்களுக்குப் போகணும். இது எதுவும் "வாட்டர்ப்ரூஃப் சதுர அடி 150" என்ற ரேட்டில் இல்லை. அவர் எடுக்காமல் மேலேயே போடுகிறார் என்று அர்த்தம். எடுக்காமல் அதன் மேல் இரண்டு அங்குலக் கலவை போட்டுக் கூலிங் டைல்ஸ் ஒட்டினால், சதுர அடிக்குப் பத்து கிலோவுக்கு மேல் ஏறும், மொத்தம் 12 டன். கீழே கம்பி கால்வாசி கரைந்திருக்கக்கூடிய ஸ்லாப். ஓதச்சுவர் சொன்னதையும் இதையும் சேர்த்துப் பாருங்கள்.

ரேட்டைப் பற்றியும் ஒன்று. புது வீட்டு ரேட்டைப் பழைய சுவருக்குப் போடுவதால்தான் பாதிப் பேர் நடுவில் வேலையை விட்டு ஓடுகிறார்கள். 12 மி.மீ. பூச்சு, ஒன்றுக்கு ஐந்து கலவை, 100 சதுர அடிக்குச் சுமார் 6 கன அடி உலர் கலவை வேண்டும். அதில் சிமென்ட் ஒரு கன அடி, முக்கால் மூட்டைக்குக் கொஞ்சம் கூட. பி-சாண்ட் (பூச்சுக்கான அரைத்த மணல்) ஐந்து கன அடி. இது நேரான சுவருக்கு. பழைய பூச்சைக் கொத்தி எடுத்த செங்கல் சுவர் மேடும் பள்ளமுமாக இருக்கும், தூக்குக்குண்டு பிடித்தால் 18, 20 மி.மீ. ஏறும் இடங்கள் உண்டு. பொருள் ஒன்றரை மடங்கு. இரண்டு தடவையாகப் பூசணும், ஒரே தடவையில் பூசினால் தொங்கிப் பிளக்கும். கூலியும் கூடும். காசு வாங்கி நிதானமாக அளப்பவர் இதைச் சேர்த்துச் சொல்வார், அதனால் அவருடைய மொத்தத் தொகை உங்கள் இரண்டு பேரைவிடக் கூடுதலாகத்தான் வரும். அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள்.

மின்தாரை:
வயரிங் பக்கம் நான் சொல்கிறேன். "எலெக்ட்ரிக்கல் ஃபுல்" என்பதை யாரும் ஏற்கக் கூடாது. எத்தனை லைட் பாயிண்ட், எத்தனை 6 ஆம்பியர் பிளக், எத்தனை 16 ஆம்பியர் பிளக், ஏ.சி.க்கும் கீசருக்கும் தனி லைன் எத்தனை என்று எழுதணும். லைட்டுக்கு 1.5, பிளக்குக்கு 2.5, ஏ.சி., கீசருக்கு 4 சதுர மி.மீ. என்று கம்பி அளவும் எழுதணும். சுவரில் காடி (பள்ளம்) வெட்டி பைப் பதித்த பின் அதை யார் பூசி மூடுவது, எலெக்ட்ரீஷியனா கொத்தனாரா என்பது வரை எழுதணும். இந்த ஒரு வரி இல்லாததால் தொங்கி நிற்கும் வீடுகள் ஏராளம்.

எஸ்டிமேட்டுக்கு முன் இரண்டு சுவிட்ச் போர்டைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே அலுமினியக் கம்பியா செம்பா, எர்த் கம்பி இருக்கிறதா, பைப்புக்குள் புதுக் கம்பி இழுக்க இடம் இருக்கிறதா என்று தெரியும். இழுக்க முடிந்தால் காடி வெட்டும் செலவே மிச்சம். 500 வோல்ட் மெகர் என்னும் கருவியால் இன்சுலேஷன் சோதித்தால் ஒரு மெகாஓமுக்குக் கீழே வரும் லைன், அதாவது உறை கெட்டுப்போன லைன், எது என்று தெரியும். இன்னொன்று: பழைய வீடுகளில் இரண்டு மூன்று லைனுக்கு ஒரே நியூட்ரலை (கரன்ட் திரும்பிப் போகும் கம்பி) பகிர்ந்து கட்டியிருப்பார்கள். "பாதி வயரிங்கை விட்டுவிட்டு ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் கரன்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) மட்டும் போடலாம்" என்று செலவைக் குறைத்தால், லைன்களைப் பிரித்து 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. போட்ட அன்றே அது டிரிப் ஆகி விழுந்துகொண்டே இருக்கும். பிறகு தொல்லை தாங்காமல் அதை நேராக இணைத்துவிடுவார்கள். உயிரைக் காக்கிற பொருள் வெறும் பெட்டியாகச் சுவரில் தொங்கும். நியூட்ரல் பகிர்வு இருக்கிறதா என்று முதலிலேயே சோதித்து எழுதுவது ஒரு அரை நாள் வேலை, அதற்குக் காசு கொடுப்பதில் தப்பே இல்லை.

கணக்கன்:
உடைத்துப் பார்ப்பதற்குக் காசு என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் சந்தேகம் இன்னும் பாக்கி. விரிவான பட்டியலிலும் விளையாட இடம் உண்டு. ரேட்டை எல்லாம் என் சௌகரியத்துக்கு ஒரு கணக்காகப் போட்டுக்காட்டுகிறேன், சந்தை விலை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சீலிங் ரிப்பேர் 40 சதுர அடி, பெயிண்ட் 3,500 சதுர அடி. முதல் கான்ட்ராக்டர் சீலிங்குக்கு 650, பெயிண்டுக்கு 22. மொத்தம் 26,000 கூட்டல் 77,000, ஆக 1,03,000. இரண்டாமவர் சீலிங்குக்கு 450, பெயிண்டுக்கு 26. மொத்தம் 18,000 கூட்டல் 91,000, ஆக 1,09,000. எல்லாரும் முதல் ஆளுக்குத்தான் கொடுப்பார்கள். வேலையில் சீலிங் 150 சதுர அடி ஆகிறது. இப்போது முதல் ஆள் பில் 1,74,500. இரண்டாமவர் 1,58,500. கூடப்போகும் அளவு எது என்று தெரிந்தவர் அதில் ரேட்டை ஏற்றி, கூடாத அளவில் இறக்கி வைப்பார். அளவு எடுத்தவரும் அவரே என்றால் இது இன்னும் சுலபம்.

அளவுநாடா:
கணக்கன் சொன்னது மிக முக்கியம், இதற்காகவே அளவை உடைத்துப் பார்த்துச் சரியாக எடுக்கணும் என்கிறேன். 40 என்பதை முதலிலேயே 150 என்று எழுதியிருந்தால் அந்த விளையாட்டுக்கே இடமில்லை, இரண்டாமவர்தான் குறைவு என்று அன்றே தெரிந்திருக்கும். பட்டியல் வந்ததும் நிச்சயமில்லாத ஒவ்வொரு வரியிலும் அளவை மூன்று மடங்காக்கிக் கூட்டிப் பாருங்கள். யார் தொகை தாவிக் குதிக்கிறதோ அவரிடம் அந்த ரேட்டுக்கு விளக்கம் கேளுங்கள்.

யாரிடம் கொடுப்பது என்பதில் என் கருத்து: சீலிங் இந்த நிலையில் இருப்பதால் அதற்கு மட்டும் கட்டடத்தின் பலத்தைக் கணிக்கும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவர் தனியாக வேண்டும், எழுத்தில் அறிக்கை வேண்டும். பாத்ரூம், மாடி, வயரிங், பெயிண்ட் இவற்றுக்கு அந்த மூன்றாம் கான்ட்ராக்டரிடமே காசு கொடுத்து எடுக்கலாம். வேலையைச் செய்து பழகியவருக்குத்தான் இடிபாட்டை எந்தப் படி வழியாக இறக்குவது, தண்ணீர் லைனை எத்தனை நாள் நிறுத்தணும் என்பதெல்லாம் எஸ்டிமேட் போடும்போதே கண்ணில் படும். தவிர, காசு கொடுத்துவிட்டால் பட்டியல் உங்களுடையது. இன்னொருவரிடம் காட்டி ரேட் கேட்பதில் கூச்சம் வேண்டாம். இலவசமாக வாங்கியதைப் பக்கத்துக் கடையில் காட்டுவதால்தான் கான்ட்ராக்டர்கள் விவரத்தை எழுதாமல் மறைக்கிறார்கள்.

மாடிவீடு88:
அப்படியானால் அவரிடம் என்ன என்ன எழுதி வாங்கிக்கொள்ளணும்? 18,000-ஐ ஒரே தடவையில் கேட்கிறார்.

கொத்துக்கரண்டி:
ஒரே தடவையில் வேண்டாம், மேடம்/சார். அளந்து, தோண்டி, தட்டிப் பார்த்து முடித்த அன்று பாதி. பட்டியல் கையில் வந்து, நீங்கள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேள்வி கேட்டு முடித்த பிறகு பாதி. நேர்மையான ஆள் இதற்கு மறுக்க மாட்டார். ரசீது வாங்குங்கள்.

அளவுநாடா:
எழுத்தில் இருக்க வேண்டியது: அறைவாரியாக நீளம், அகலம், உயரத்தோடு அளவுத் தாள். மொத்த எண் மட்டும் போதாது, அந்த எண் எப்படி வந்தது என்பது தெரியணும். அளக்கும் முறை ஐ.எஸ். 1200 (கட்டட வேலையை அளப்பதற்கான இந்தியத் தரநிலை) என்று ஒரு வரி. பூச்சில் அரை சதுர மீட்டருக்கு உட்பட்ட திறப்பை (கதவு, ஜன்னல் போன்ற இடைவெளி) கழிப்பதில்லை, மூன்று சதுர மீட்டர் வரை சுவரின் ஒரு முகத்துக்கு மட்டும் கழிப்பு. மூன்றுக்கு ஏழு அடிக் கதவு இரண்டாவது ரகத்தில் வரும். இதை எழுதாவிட்டால் பில் போடும் அன்று கதவுக் கழிப்புக்கே சண்டை வரும். ஒவ்வொரு வரியிலும் பொருளின் ரகம், தடிமன், எத்தனை கோட். டைல்ஸ், குழாய் போல நீங்கள் தேர்ந்தெடுப்பவற்றுக்குச் சதுர அடிக்கு இவ்வளவு, ஒரு செட்டுக்கு இவ்வளவு என்று ஒதுக்கீட்டு விலை. எதெல்லாம் சேரவில்லை என்ற பட்டியல் கட்டாயம், என்னைக் கேட்டால் அதைத்தான் முதலில் படிக்கணும். விலை எத்தனை நாள் செல்லும் என்பதும் வேண்டும். 2025 செப்டம்பரில் சிமென்ட் வரி 28இலிருந்து 18 சதவீதமாக இறங்கியபோது பழைய ரேட்டிலேயே பில் போட்டவர்களும் இருந்தார்கள், அதனால் வரி மாறினால் இரு பக்கமும் மாற்றிக்கொள்வது என்று ஒரு வரி சேருங்கள்.

நிச்சயமில்லாத அளவுகளுக்கு எதிரே நட்சத்திரக் குறி போடச் சொல்லுங்கள். அந்த வரிகளுக்கு ரேட் மட்டும் உறுதி, அளவு வேலை முடிந்ததும் இருவரும் சேர்ந்து அளப்பது. இவ்வளவு தோண்டிப் பார்த்த பிறகும் பழைய வீட்டுக்கு மொத்தத்தில் 10 முதல் 15 சதவீதம் கையில் தனியாக வைத்திருங்கள். அதைக் கான்ட்ராக்டரிடம் சொல்ல வேண்டியதில்லை.

ஓதச்சுவர்:
ஒன்று விட்டுப்போச்சு. சுவரின் அடியில் இரண்டு மூன்று அடி உயரத்துக்குப் பூச்சு பொரிந்து உப்பு பூத்திருக்கிறதா? தெரு மட்டம் தார் மேல் தார் போட்டு உயர்ந்து, வீடு பள்ளத்தில் போயிருந்தால் மண் ஈரம் சுவரில் ஏறாமல் தடுக்கும் ஓதத் தடுப்பு அடுக்கு மண்ணுக்குக் கீழே போயிருக்கும். அப்படியென்றால் பெயிண்ட் வரி முழுக்க வீண், அடுத்த மழைக்கே பொரியும். அளக்க வரும்போது வெளிச்சுவரை ஒட்டி ஓரிடத்தில் மண்ணை விலக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

மாடிவீடு88:
இருக்கிறது, தெருப்பக்கச் சுவரில். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பெயிண்ட் அடிக்கிறோம், திரும்ப வந்துவிடுகிறது. சரி, அந்த மூன்றாமவரிடம் பாதி பாதியாகத் தருகிறேன் என்று பேசுகிறேன். சீலிங்குக்குத் தனி இன்ஜினியர். மாடியில் தோண்டினால் மழை வந்தால் என்ன செய்வது? ஐப்பசி நெருங்குகிறது.

கொத்துக்கரண்டி:
காலையில் தோண்டி மாலைக்குள் மூடிவிடணும், இரவு திறந்து வைக்கவே கூடாது. குழியின் ஓரத்தை நான்கு பக்கமும் நேராக வெட்டி, தூசி தட்டி, ஸ்லாப் மேல் சிமென்ட் பாலில் வாட்டர்ப்ரூஃப் பாலிமர் கலந்து பிரஷ்ஷால் இரண்டு கை அடித்து, ஒன்றுக்கு மூன்று கலவையில் பாலிமர் சேர்த்து இரண்டு அடுக்காக நிரப்பணும். மேல்மட்டம் சுற்றியுள்ள தட்டோட்டைவிட ஒரு நூல் உயர்ந்திருக்கட்டும், தண்ணீர் நிற்காது. மேலே ஈரச் சாக்கு போட்டு மூன்று நாள் வைத்திருங்கள். தோண்டும் நாள் காலையில் வானிலை பார்த்துக்கொள்ளுங்கள், தார்ப்பாய் ஒன்று மாடியிலேயே தயாராக இருக்கட்டும். முடிந்தால் இந்த வாரத்திலேயே தோண்டச் சொல்லுங்கள், ஐப்பசி பிறந்துவிட்டால் தை வரை அந்த மாடியைத் தொட முடியாது.